மகளைக் கொடுத்தலும் மகளுக்குக் கொடுத்தலும்

(திருவில்லிபுத்தூரில் நிகழ்ந்த தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



தமிழில் வேற்றுமை எட்டு. இரண்டாவதற்கு உருபு ‘ஐ’. நான்காவதற்கு உருபு ‘கு’. நான்காம் வேற்றுமைக்குரிய பொருள்களை அடுக்கிய நன்னூலார் கொடைப்பொருளையே அவற்றுள் முதலில் வைத்தார். கொடை என்றால் கொடுப்பவர் ஒருவர் வேண்டும். கொள்பவர் ஒருவர் வேண்டும். இருவர்க்கும் இடையே கைம்மாறும் பொருளொன்று வேண்டும். கொள்பவரைக் ‘கு’ காட்டும். கைம்மாறும் பொருளை ‘ஐ’ காட்டும்.

இச்சிறு வேறுபாட்டைத் தமிழ்நாட்டு வீட்டிற்குள் கொண்டுவந்து பாருங்கள். ‘மகனுக்கு நிலம் கொடுத்தேன், மகனுக்கு வீடு கொடுத்தேன்’ என்கிறான் தந்தை. மகளைப் பற்றிக் கேட்டாலோ, ‘மகளை இன்ன ஊரில் கொடுத்தேன்’ என்கிறான். மகன் ‘கு’ உருபேற்றுக் கொள்வோனாய் நிற்கிறான். மகளோ ‘ஐ’ உருபேற்றுக் கைம்மாறும் பொருளாய் நிற்கிறாள். அன்பில் குறைவைத்தான் அத்தந்தை என்று யாரும் சொல்லார். நெஞ்சில் அன்பிருந்தும் உருபு பிழைத்தது. அப்பிழையைத் திருத்துவதே இவ்வுரையின் நோக்கம்.

பழந்தமிழ்ப் பாடல்களைப் பாருங்கள். தலைவி தான் விரும்பியவனோடு சென்றுவிட்டால் நற்றாய் புலம்புவாள், செவிலி காட்டுவழியில் தேடிச் செல்வாள், கண்டோரும் பேசுவர். தந்தைக்கு மட்டும் அகத்திணையில் கூற்றில்லை. மகளின் காதலைத் தந்தையும் தமையன்மாரும் குறிப்பால் உணர்வர் என்ற அளவிலே தொல்காப்பியர் நிறுத்திக்கொண்டார். புறத்திணையில் தந்தை வருகிறான். பெண் கேட்டு வந்த வேந்தனுக்கு மறுத்துரைத்து, ஊரே அழியினும் அழிக என்று போருக்கு நிற்கிறான். அத்துறைக்கு மகட்பாற்காஞ்சி என்று பெயர். மகளுக்காக வாளெடுத்த தந்தை உண்டு. மகளோடு மனந்திறந்து பேசும் தந்தையை அங்குக் காண்பது அரிது.

அந்த வாய்ப்பூட்டு இவ்வூரில் திறந்தது. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டளவில் இங்கே வாழ்ந்தவர் விட்டுசித்தர். பெரியாழ்வார் என்று உலகம் அவரைப் போற்றும். பூத்தொடுத்துக் கோயிலுக்கு அளிப்பது அவர் பணி. துழாய்ச் செடியின் அடியில் ஒரு பெண்குழந்தையைக் கண்டெடுத்து வளர்த்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அக்குழந்தைக்கு அவர் இட்ட பெயர் கோதை. கோதை என்றால் மாலை. எவ்வளவு இனிய தமிழ்ப்பெயர்!

பெற்ற மகளல்லள், கண்டெடுத்த மகள். அவளுக்கு அவர் கொடுத்த செல்வம் எது? பொன்னா, நிலமா? தம்மிடம் இருந்தவற்றுள் உயர்ந்த தமிழையே கொடுத்தார். தந்தை பாடியவை 473 பாடல்கள். மகள் பாடியவை 173. திருப்பாவை முப்பதும், நாச்சியார் திருமொழி நூற்றுநாற்பத்து மூன்றும் அம்மகளின் கொடை. தன் பாடல்களின் முடிவில் தந்தையின் பெயரோடு தன் பெயரையும் இணைத்துப் பொறித்துச் சென்றாள். இன்னார் மகள் என்பதோடு அமையாமல், தன் பெயரையும் நிலைநாட்டிக்கொண்ட மகள் அவள்.

அவள் சூடிய மாலை குறைபட்ட மாலை என்று தந்தை முதலில் கடிந்தார் என்றும், பிறகு அதுவே உயர்ந்தது என்று உணர்ந்தார் என்றும் கதை கூறும். இன்றும் அவள் சூடிக்களைந்த மாலை இவ்வூரிலிருந்து திருப்பதிக்கும், மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகருக்கும் செல்கிறது. கடவுட்கொள்கை எதுவாயினும் ஆகுக. மகளைக் கடிந்த தந்தை மகளால் தெளிந்தார் என்னும் செய்தி எல்லார்க்கும் உரியது.

பெரியாழ்வார் திருமொழியில் மூன்றாம் பத்தின் எட்டாம் பகுதியை எடுத்துப் படியுங்கள். மகளைப் பிரிந்த தாய் அங்கே பேசுகிறாள். மாமி அவளை மதித்து நடத்துவாளோ? விடியுமுன் எழுந்து தயிர் கடைய அவளால் இயலுமோ? மத்துக்கயிற்றை இழுத்திழுத்து அவள் கை தழும்பேறிப் போகுமோ? இவ்வாறெல்லாம் கலங்குகிறாள். பாடியவர் ஒரு மகளின் தந்தை. இலக்கியம் தந்தைக்கு வாய் தரவில்லை. ஆகவே தாயின் வாயைக் கடன் வாங்கினார். மகளின் உள்ளங்கைத் தழும்பை எண்ணிக் கலங்கிய அந்நெஞ்சே தந்தைமைக்கு அளவுகோல்.

தனித்தமிழ் அன்பர்க்கு மற்றொரு தந்தையும் மகளும் நினைவுக்கு வருவர். 1916-ஆம் ஆண்டு பல்லாவரத்தில், தோட்டத்தில் மகள் நீலாம்பிகையோடு உலாவிய வேதாசலனார் வள்ளலார் பாடலொன்றைப் பாடினார். அதில் ‘தேகம்’ என்னும் சொல் இருக்குமிடத்தில் ‘யாக்கை’ என்னும் தமிழ்ச்சொல் இருந்தால் இன்னும் இனிக்குமே என்றார். கேட்ட மகள் அன்று பதின்மூன்று அகவையினள். இனித் தூய தமிழிலேயே பேசுவது, எழுதுவது என இருவரும் உறுதிகொண்டனர். வேதாசலம் மறைமலை ஆனார். மகள் பிற்காலத்தில் ‘வடசொல் தமிழ் அகரவரிசை’ இயற்றினார். 1938-இல் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்னும் பட்டம் வழங்கப்பெற்றது அம்மாநாட்டில்தான். சிறுமிதானே என்று தள்ளாமல் தம் எண்ணத்தை மகளுக்குச் சொன்னார் தந்தை. ஓர் இயக்கமே பிறந்தது.

இனி, இவ்வூரை விட்டு அடுத்த ஊராகிய இராசபாளையத்திற்கு வருவோம். 1930-களிலிருந்து நூற்பாலைகள் எழுந்த ஊர் அது. ஆலைக்கூலி பெண்ணுக்குத் தன் கைப்பொருளைத் தந்தது, அது நன்மையே. ஆயின், நூற்பாலைகள் மிகுந்த தமிழ்நாட்டில் 1990-களுக்குப் பின் ஒரு தீய வழக்கம் பரவிற்று. ஏழைத் தந்தை தன் இளம்பெண்ணை மூன்றாண்டு ஆலை விடுதியில் விடுவான். முடிவில் ஒரு தொகை கைக்கு வரும். அதுவே திருமணச் செலவு. ‘சுமங்கலித் திட்டம்’ என்று அதற்கு ஓர் அழகிய பெயரும் வைத்தனர். மகளுக்குத் தந்தை கொடுக்கவேண்டியதை மகளே நூலிழையில் நின்று ஈட்டினாள். தன்னைக் கொடுப்பதற்குத் தானே விலை கட்டினாள். தழும்பேறிய கையை எண்ணிக் கலங்கிய தந்தை வாழ்ந்த மண்ணுக்கு அருகிலேயே இந்நிலை என்றால், நெஞ்சு பொறுக்குமா?

மணமகன் விலையைக் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டம் கூறிவிட்டது. ஆயினும் நகைக்கடையில் நிற்கும் தந்தை, ‘மகளுக்குத்தானே செய்கிறேன்’ என்கிறான். அந்த நகை அடகுக்கடைக்குப் போகும் நாளில் யாருடைய கையால் போகிறது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டாவா?

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டுத் தன்மான மாநாடு முடிவு செய்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989-ஆம் ஆண்டு மார்ச்சு 25 முதல், இந்து வழியுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த திருத்தத்தால், அதற்கு முன் மணமாகாத மகளிர்க்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனையொத்த பங்கு வந்தது. 2005-ஆம் ஆண்டு செப்டம்பர் 9 முதல் இந்தியா முழுமைக்கும், மணமான மகளிர்க்கும் அவ்வுரிமை பிறப்பாலேயே உரியதாயிற்று. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று உச்சநீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. தந்தை தானே தேடிய சொத்தும், அவன் உயில் எழுதாது மறைந்தால், மகனுக்கும் மகளுக்கும் சமமே என்பது 1956 முதல் உள்ள சட்டம்.

சட்டம் ‘கு’ உருபைச் சேர்த்துவிட்டது; வீடுதான் இன்னும் சேர்க்கவில்லை. தந்தை மறைந்தபின் தமையன் ஒரு தாளை நீட்டுகிறான். விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பெயர். கையெழுத்திட்டால் பிறந்தவீட்டு வாயில் திறந்திருக்கும், மறுத்தால் அடைபடும். அந்த அச்சத்தில் அவள் கையெழுத்திடுகிறாள். அண்ணனைப் பழிப்பது எளிது. உயிரோடிருந்த நாளில் வாய்திறந்து, ‘இது மகனுக்கு, இது மகளுக்கு’ என்று பகுத்து எழுதாமற்போன தந்தையின் வாய்பேசாமையே அத்தாளின் முதல் வரி.

ஆகவே, தந்தையரே! மகளுக்கு நல்ல தமிழ்ப்பெயர் இடுங்கள். அவள் விரும்பும் அளவும் கல்வி கொடுங்கள். உங்கள் எண்ணத்தை அவளிடம் பேசுங்கள். அவள் எண்ணத்தையும் கேளுங்கள். குடும்ப நிலத்தின் ஆவணம் எந்தப் பேழையில் இருக்கிறது என்பதை உங்கள் மகள் அறிவாளா? அறியாள் எனின், இன்றிரவே அதனை எடுத்து அவள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவள் பங்கு எது என்பதை மகன் முன்னிலையில் சொல்லுங்கள். பின் அதை எழுதிப் பதிவு செய்யுங்கள்.

மகளைக் கொடுத்தது போதும். இனி மகளுக்குக் கொடுங்கள்.