தளம் திறக்கலையா? கோளாறு எந்தப் பக்கம்னு பாருங்க

விண்ணப்பத்துக்கு இன்னிக்கு ராத்திரியோட கடைசி. போனில் முகவரியைத் தட்டினால் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. "சர்வர் டவுன்"னு சொல்லி விட்டுவிடுகிறோம். நிஜமாவே சர்வர்தானா, இல்லை நம்ம வைஃபையா? இதைத் தெரிஞ்சுக்க ரெண்டு நிமிஷம் போதும்.

தாலுகா அலுவலகத்தை நினைச்சுக்கோங்க. கட்டடம் ஒன்று, கவுன்ட்டர் பல. இணையத்தில் இருக்கும் கணினியும் அப்படித்தான். அங்கே கவுன்ட்டருக்குப் பெயர் 'போர்ட்'. எண்கள் 65,535 வரை உண்டு. எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் முகவரிக்கு வழக்கமாக 443.

"பிங் பண்ணினேன், பதில் வருதே" என்பார்கள் சிலர். அது வாசல் காவலாளி குரல் கொடுத்த மாதிரி. 443-ஆம் கவுன்ட்டரில் ஆள் இருக்காரான்னு அதில் தெரியாது. பிங்குக்குப் பதிலே தராமல் சேவையை ஒழுங்காக நடத்தும் சர்வர்களும் இருக்கு. ஆகவே அந்தக் கவுன்ட்டரையே தட்டிப் பார்க்கணும்.

அதுக்குத் தனி ஆப் வேண்டாம். போனில் உள்ள குரோம் அதைத்தான் செய்யுது. நாம்தான் அது காட்டும் வாசகத்தைப் படிப்பதில்லை. 'ரெஃப்யூஸ்டு டு கனெக்ட்' என்று வந்தால், பெரும்பாலும் கணினி இருக்கிறது, கவுன்ட்டரில் ஆள் இல்லை. 503 என்ற எண் வந்தால் கவுன்ட்டர் திறந்தே இருக்கு, உள்ளேதான் நெரிசல் அல்லது பராமரிப்பு. இந்த இரண்டுக்கும் வைஃபையைக் குறை சொல்லிப் பயனில்லை, கொஞ்சம் பொறுத்து முயலுங்கள்.

'டுக் டூ லாங் டு ரெஸ்பான்ட்' வந்தால்தான் நமக்கு வேலை. தட்டிய சத்தத்துக்குப் பதிலே இல்லை. சர்வர் நின்றிருக்கலாம், நடுவில் ஏதாவது ஃபயர்வால் விழுங்கியிருக்கலாம். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். திறந்துவிட்டதா? கோளாறு வைஃபை பக்கம். முகவரியில் முக்காற்புள்ளி போட்டு 8443 மாதிரி எண் இருந்தால் இந்தச் சோதனை ரொம்ப முக்கியம். 80, 443 தவிர மற்றதை அடைத்து வைக்கும் கல்லூரி, அலுவலக வைஃபைகள் நிறைய.

விண்டோஸ் கணினி பக்கத்தில் இருந்தால் பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்' கட்டளைக்கு முகவரியும் போர்ட் எண்ணும் கொடுங்கள். கடைசி வரியில் 'ட்ரூ' வந்தால் வழி திறந்திருக்கு.

உங்களுக்கு வேண்டிய கவுன்ட்டரை மட்டும் தட்டுங்க. அடுத்தவர் கணினியில் வரிசையாக எல்லாத்தையும் தட்டினால் திருட்டு முயற்சியாகத்தான் பார்ப்பார்கள். "போர்ட் அடைச்சிருக்கு, திறந்து தர்றேன், ஓடிபி சொல்லுங்க"ன்னு போன் வந்தால் உடனே துண்டியுங்கள். இந்தச் சோதனை எதற்கும் ஓடிபி கிடையாது.

மொபைல் டேட்டாவிலும் வரலையா? நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எந்தெந்த இணைப்பில் முயன்றீர்கள், என்ன வாசகம் வந்தது என்று உதவி மையத்துக்கு எழுதுங்கள். கடைசி நாளுக்குள்ளேயே அனுப்பிடுங்க.