மடலும் விளக்கமும்

அடிமை முறை ஒழிப்பை எதிர்த்தவர்கள் தோட்ட முதலாளிகள் மட்டும்தானா? நம் திருச்சபைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது.

1839 டிசம்பர் 3 அன்று திருத்தந்தை பதினாறாம் கிரகோரி, கறுப்பின மக்களை அடிமைகளாக்குவதையும் விற்பதையும் கண்டித்து மடல் எழுதினார். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் ஆயர் ஜான் இங்கிலாந்து அதற்குத் தந்த விளக்கம் என்ன தெரியுமா? திருத்தந்தை கண்டித்தது அடிமை வணிகத்தைத்தான், தோட்டங்களில் ஏற்கெனவே உள்ள அடிமை முறையை அல்ல என்று அந்நாட்டு வெளியுறவு அமைச்சருக்கு அடுக்கடுக்காகக் கடிதம் எழுதினார்.

அவரைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்கிவிட முடியாது. அயர்லாந்தில், ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கரிடையே பிறந்தவர். 1835-இல், அடிமைகளாய் இராத கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கினார். கும்பல் திரண்டு மிரட்டியது; பள்ளியை மூடவேண்டியதாயிற்று. அந்த ஊரில் கத்தோலிக்கர் சிறுபான்மை. கோயிலுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற அச்சம் நமக்குத் தெரியாததா?

ஆனால் அடிமைகளிலும் திருமுழுக்குப் பெற்றவர்கள் இருந்தார்களே! மடலுக்கு முந்தைய ஆண்டில்தான், மேரிலாண்டு இயேசு சபையினர் 272 பேரை லூசியானா தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது என்று உரோமையிலிருந்து நிபந்தனை வந்திருந்தது. அது காக்கப்படவில்லை. அவர்களுடைய வழித்தோன்றல்களிடம் சபையார் மன்னிப்புக் கேட்டது 2017-இல்.