ஒரு தூக்கம் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்



மார்கழி பிறந்தால் ஊரெல்லாம் திருப்பாவை கேட்கும். நம் திருப்பூரில் அதோடு ஓவர்லாக் மிஷின் சத்தமும் விடிய விடியக் கேட்கும். பொங்கலுக்கு ஊரே காலியாகிவிடும். அதற்குள் சரக்கு ஏறியாக வேண்டும். ஒரு ஷிப்ட் ஒன்றரை ஷிப்ட் ஆகும். கடைசி வாரத்தில் அது விடியும்வரை நீளும்.

நானும் இருபது வருடம் பேட்லாக் தையல் மிஷின் ஓட்டியவன். ஒரு வருடம், போகிக்கு முந்தின இரவு. பக்கத்து மிஷினில் இருந்த தம்பிக்கு மூன்று மணிக்குக் கண் சொருகியது. ஊசி நகத்தைத் துளைத்து அடிப்பக்கம் வந்துவிட்டது. விரலில் பனியன் துணியைச் சுற்றிக்கொண்டு மிச்சத்தையும் தைத்து முடித்தான். ஆறு மணிக்குச் சம்பளம் வாங்கினான். ஏழு மணிக்கு பைக்கைக் கிளப்பினான். திருநெல்வேலிப் பக்கம் ஊர். பையில் மகளுக்கு எடுத்த பாவாடை சட்டை.

தாராபுரம் தாண்டினான், ஒட்டன்சத்திரம் வரவில்லை. எதிரே வண்டியும் இல்லை, சாலையில் பள்ளமும் இல்லை. நேர் சாலையில் புளியமரத்தில் மோதிக் கிடந்தான். பாவாடை சட்டைதான் ஊர் போய்ச் சேர்ந்தது.

காவல்துறை அதைச் சாலை விபத்து என்று எழுதியது. தோழர்களே, நான் சொல்கிறேன்: அந்த விபத்து மூன்று மணிக்கு மிஷினிலேயே தொடங்கிவிட்டது. வேலை இடத்தில் பறிபோன தூக்கம்தான் சாலையில் உயிரைக் கேட்டது.

அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் மூன்றே நொடி கண்ணயர்ந்தால், வண்டி ஐம்பது மீட்டர் ஆளில்லாமல் ஓடுகிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவனின் நிதானம், 50 மில்லிகிராம் ஏறியவனின் நிதானத்துக்குச் சமம் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். குடித்தவனை ஊதச் சொல்லிப் பிடித்துவிடலாம். தூங்காதவனை எதை ஊதச் சொல்வது? அவனை நாம்தான் நிறுத்த வேண்டும்.

கம்பெனி நடத்தும் அண்ணாச்சிகளே, தொழிலாளர் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி என்கிறது. அதை மதியுங்கள். அதற்கு மேலும் ஒன்று கேட்கிறேன்: ஊருக்குக் கிளம்பும் நாளுக்கு முந்தின இரவு மிஷினை நிறுத்திவிடுங்கள்.

தம்பிகளே, சம்பளம் கைக்கு வந்ததும் வண்டியில் ஏறாதீர்கள். அறையில் ஆறு மணி நேரமாவது படுங்கள். மார்கழிப் பனியும் போகிப் புகையும் விலகி வெயில் ஏறட்டும். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் போடுங்கள். கண் எரிந்தால் டீ குடித்துச் சமாளிக்காதீர்கள். டீக்கடை பெஞ்சிலேயே படுத்துவிடுங்கள். பொங்கல் பானை உங்களுக்காகக் காத்திருக்கும்.

தாய்மார்களே, பிள்ளை வெளியூரிலிருந்து போன் செய்தால் முதலில் "சாப்பிட்டியா?" என்று கேட்பீர்கள். இந்தப் பொங்கலுக்கு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: "தூங்குனியா?" இல்லை என்று சொன்னால், "மெதுவா நாளைக்கு வா, சாமி" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லை அன்று யாராவது சொல்லியிருந்தால், என் பக்கத்து மிஷின் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.