தேனும் பகுத்தறிவும்



இன்று காட்டுத் தேனைப்பற்றிப் பேச வந்திருக்கிறேன். “இதுதானா விஷயம்?” என்று சிலருக்குத் தோன்றலாம். ஒரு சங்கதியை எதற்காக ஒப்புக்கொள்வது, எதற்காகத் தள்ளுவது என்பதை இந்தச் சிறு வஸ்துவை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

தேன் விஷயத்தில் இரண்டு கூட்டத்தார் இருக்கிறார்கள். ஒரு கூட்டத்தார், அது அமிர்தம், சகல நோயும் தீர்க்கும் என்பார்கள். ஏன் என்று கேட்டால், “பெரியவர்கள் சொன்னார்கள்” என்பதுதான் பதில். மற்றவர்கள் நாலெழுத்துப் படித்தவர்கள். பாட்டி புண்ணில் தேன் தடவினாள் என்றாலே சிரிப்பார்கள். இருவருமே சோதித்துப் பாராதவர்கள்தான்.

சோதித்தவர்கள் கண்டது என்ன? தேனுக்குக் கிருமிகளை அடக்கும் சக்தி உண்டென்று ஹாலந்து தேசத்து வான் கெட்டல் என்பவர் 1892-லேயே எழுதினார். அந்தச் சக்திக்கு முக்கிய காரணம் ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்பது 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தெரியவந்தது.

இதில் தெய்வீகம் ஒன்றுமில்லை. நன்றாக முற்றிய தேனில் நூற்றுக்குச் சுமார் 80 பங்கு சர்க்கரை; தண்ணீர் 20 பங்குக்குள். உப்பில் போட்ட கருவாடு கெடாமலிருப்பது எதனால்? உப்பு, கிருமியின் உடலிலுள்ள நீரை உறிஞ்சிவிடுகிறது. தேனில் அந்த வேலையைச் சர்க்கரை செய்கிறது. அன்றியும் தேனில் புளிப்பு உண்டு. அதுவும் பல கிருமிகளுக்கு ஆகாது. மூன்றாவதாக, தேனீ தன் தலையிலுள்ள சுரப்பியிலிருந்து குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற ஒரு பொருளைத் தேனில் சேர்க்கிறது. புண்ணின் ஈரம் பட்டுத் தேன் இளகும்போது அது வேலை செய்யத் தொடங்கி, ஹைட்ரஜன் பெராக்ஸைடைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்குகிறது. தேனை அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் இந்தச் சக்தி போய்விடும்.

நம் நாட்டுத் தேனீக்கள் பல. பாறையிலும் பெருமரத்திலும் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீ, பொந்துக்குள் அடுக்கடுக்காகக் கட்டும் பொந்துத்தேனீ, புதர்க் கிளையில் சின்ன அடை கட்டும் கொம்புத்தேனீ, கொட்டாத கொசுத்தேனீ. தேனீக்கும், அது போன பூவுக்கும், தேனிலுள்ள ஈரத்துக்கும் தக்கபடி சக்தி மாறும். கொசுத்தேனில் புளிப்பும் தண்ணீரும் அதிகம். ஆகவே “காட்டுத் தேன்” என்ற பெயரே ஒரு அத்தாட்சி ஆகிவிடாது. நீலகிரிக் குறும்பர்கள் செங்குத்துப் பாறையில் கயிற்றில் தொங்கி உயிரைப் பணயம் வைத்து மலைத்தேன் எடுக்கிறார்கள். அவர்களைக் காட்டுமனிதர் என்று இகழ்ந்துகொண்டே அவர்கள் எடுத்த தேனை நக்குகிறோம்!

சரி, தேன் புண்ணுக்கு உதவுமா? பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆராய்ச்சி 2015-ல் வெளிவந்தது. மிக ஆழமில்லாத தீப்புண்கள், சாதாரண கட்டைவிடத் தேன்கட்டில் சீக்கிரம் ஆறுவதாக அது கண்டது. எல்லாப் புண்ணுக்கும் அப்படிச் சொல்ல ஆதாரம் போதவில்லை என்றும் சொல்லிற்று. இதல்லவா யோக்கியமான பேச்சு! ஆனால் வைத்தியத்துக்கு என்று தயாரிக்கும் தேன், காமாக் கதிரால் சுத்தப்படுத்தப்பட்டது. வீட்டுப் புட்டித் தேன் அல்ல. துருப்பிடித்த ஆணி குத்திவிட்டால் தேனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திராதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

இனி, தாய்மார்கள் முக்கியமாய்க் கவனிக்கவேண்டிய சங்கதி. பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டுச் “சேனை” வைக்கிறோம். யார் வைக்கிறாரோ அவர் குணம் பிள்ளைக்கு வருமாம்! குணம் வருகிறதோ இல்லையோ, கிருமி வரக்கூடும். தேன் பல கிருமிகளை அடக்கும். ஆனால் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் விதை தேனுக்குள் சாகாமல் உறங்கிக் கிடக்கலாம். சாதாரணமாகக் காய்ச்சினாலும் அது சாகாது. பெரியவர்கள் வயிற்றில் அது முளைப்பது மிக அபூர்வம். ஒரு வயது நிரம்பாத சிசுவின் குடலிலோ அது முளைத்து விஷத்தைக் கக்கும். மலம் கட்டும்; பால் குடிக்க வலு இராது; அழுகுரல் மெலியும்; உடல் துவளும்; மூச்சே நின்றுபோகவும் கூடும். இந்த நோயை அமெரிக்க வைத்தியர்கள் 1976-ல் கண்டறிந்தார்கள்.

“எங்கள் வீட்டில் ஏழு பிள்ளைக்கும் சேனை வைத்தோம், ஒன்றும் ஆகவில்லையே!” என்று ஒரு பாட்டி கேட்கலாம். கண்ணை மூடிக்கொண்டு ரஸ்தாவைக் கடக்கிறவன் ஒவ்வொருவனும் வண்டியில் அடிபடுவதில்லை. அதனால் கண்ணை மூடிக்கொண்டு கடப்பது புத்திசாலித்தனம் ஆகிவிடுமா? எட்டாவது பிள்ளை யாருடையது?

தோழர்களே! பாட்டி புண்ணில் தேன் தடவியதில் உண்மை இருந்தது. அதே பாட்டி சிசுவின் நாவில் தேன் தடவியதில் ஆபத்து இருந்தது. இரண்டும் பழைய வழக்கந்தான். எது நல்லது, எது கெட்டது என்று வழக்கம் நமக்குச் சொல்லவில்லை, சோதனைதான் சொல்லிற்று. ஆகவே பழையது என்பதற்காகக் கட்டிப் பிடிக்கவும் வேண்டாம். பழையது என்பதற்காக எறியவும் வேண்டாம்.

நான் சொன்னதையும் அப்படியே நம்பவேண்டாம். தெரிந்த டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் கேட்டுத் தெளியும் வரையிலாவது, ஒரு வயது ஆகாத பிள்ளையின் வாயில் தேன் வைக்காதீர்கள். பிறந்த பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பாலே போதும்.