பேருந்தில் பிள்ளைகளை எண்ணுவதற்கு ஒருவர்

(பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அஸருக்குப் பிறகு கூடியிருக்கிறோம், மஃரிபு பாங்குக்குள் முடித்தாக வேண்டும். ஆகவே இன்று ஒரே ஒரு விஷயம். நம் பள்ளிக்கூடப் பேருந்துக்கு உதவியாளர் ஒருவரை நியமித்திருக்கிறோம். "பஸ்ஸுக்கு ஆயா போட்டதுக்கு ஒரு கூட்டமா?" என்று ஒரு சகோதரர் வாசலிலேயே கேட்டுவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. சில மாதங்களுக்கு முன்புவரை நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கடந்த ரமலானில் நடந்தது உங்களில் பலருக்கு அரைகுறையாகத் தெரியும். ஊரில் பல விதமாகப் பேசப்பட்டது. நடந்ததை நடந்தபடி நிர்வாகத்தின் வாயால் சொல்லிவிடுவது முறை.

நோன்பு மாதம் என்பதால் மதியத்தோடு பள்ளிக்கூடம் விட்டுவிடும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. அதற்கு முதல் நோன்பு. ஸஹருக்கு எழுந்த பிள்ளை, பேருந்தின் கடைசி இருக்கையில் படுத்துத் தூங்கிவிட்டது. அந்தப் பிள்ளை இறங்க வேண்டிய ஸ்டாப்பில் வேறு இரண்டு பிள்ளைகள் இறங்கினார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார், பிள்ளைகள் இறங்கியது தெரிந்தது, வண்டியை எடுத்துவிட்டார். டிரிப் முடிந்ததும் பள்ளிவாசல் மதில் ஓரம் நிறுத்தி, கதவைப் பூட்டிவிட்டு லுஹருக்குப் போய்விட்டார். ஏறக்குறைய முப்பத்தைந்து நிமிடம். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. மதிய வெயிலில் மூடிய வண்டி எவ்வளவு சீக்கிரம் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்தங்கி வந்து ஒளு செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் காதில் கண்ணாடியைத் தட்டும் சத்தம் விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தது.

அந்தப் பிள்ளையின் உம்மா எங்களைத் திட்டவில்லை. "எத்தனை பேர் ஏறினாங்க, எத்தனை பேர் இறங்கினாங்கன்னு எண்ண ஆள் இல்லையா?" என்று மட்டும் கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. ஏனென்றால் ஆள் இல்லைதான். முன்பு இருந்த அம்மா ரஜப் மாதத்தில் வேலையை விட்டு நின்றார். "ஆண்டுத் தேர்வு வரைக்கும் டிரைவரே சமாளிக்கட்டும், இரண்டு மாதச் சம்பளம் மிச்சம்" என்று மஷூராவில் பேசி முடிவெடுத்தவர்கள் நாங்கள். அந்த முடிவு பதிவேட்டில் எங்கள் கையெழுத்தோடு இருக்கிறது. டிரைவர் எட்டு வருடம் விபத்தில்லாமல் ஓட்டியவர். சாலையையும் பார்த்து, பின்னால் கடைசி இருக்கையையும் பார் என்று ஒரு மனிதரிடம் கேட்டது நாங்கள்தான்.

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து சக்கரத்தில் சிக்கி இறந்துபோனாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே ஆண்டு தமிழக அரசு பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனியாகச் சிறப்பு விதிகள் கொண்டுவந்தது. பள்ளிப் பேருந்தில் உதவியாளர் இருக்க வேண்டும் என்பது அந்த விதிகளில் ஒன்று. 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கத்தில், பள்ளி வளாகத்துக்குள்ளேயே, வேனில் அடிபட்டு இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இறந்தான். அதற்குப் பிறகு பள்ளி வாகனங்களில் முன்னும் பின்னும் கேமராவும், பின்பக்கம் சென்சாரும் கட்டாயமாக்கப்பட்டன. நம் வண்டியிலும் பொருத்தியிருக்கிறோம். ஆனால் கேமரா இறங்கிப் போய் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து நகர்த்தாது.

ஒவ்வொரு வருடமும் பள்ளி திறப்பதற்கு முன்பு போக்குவரத்து அதிகாரிகள் வந்து வண்டிகளைச் சோதிக்கிறார்கள். அவசர வழி திறக்கிறதா, தீயணைப்புக் கருவி இருக்கிறதா, முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதெல்லாம் நம்மிடம் சரியாக இருந்தது. இருந்தும் அந்த முப்பத்தைந்து நிமிடம் நடந்தது.

ஷவ்வாலில் அறிவிப்புக் கொடுத்தோம். பதினொரு பேர் விண்ணப்பித்தார்கள். அதோடு சிபாரிசுகளும் வந்தன. விண்ணப்பங்களைவிடச் சிபாரிசுகள் கூட என்றே சொல்லலாம்.

ஒருவர் நடத்துநர் உரிமம் வைத்திருந்தார். அதை ஒரு கூடுதல் தகுதியாகச் சொன்னார். டிக்கெட் கிழித்து, காசு வாங்கி, கணக்கு ஒப்படைக்கிற வேலைக்கு அந்த உரிமம் வேண்டும். இங்கே டிக்கெட்டே இல்லை. இங்கே பயணிகள் ஐந்து வயது, ஏழு வயது. தான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்றுகூடச் சிலருக்குச் சொல்லத் தெரியாது.

இன்னொரு விண்ணப்பம் எங்களுக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. கணவரை இழந்த ஒரு தாய். உண்மையிலேயே கஷ்டம். "அந்த அம்மாவுக்கே கொடுங்க, சம்பளத்தை ஜகாத் நிதியிலிருந்து எடுத்தால் பள்ளிக்கூடத்துக்கும் செலவில்லை" என்று நம் உறுப்பினர்களே சொன்னார்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஹஜ்ரத்திடம் கேட்டோம். வேலைக்குக் கொடுக்கிற கூலி வேறு, ஜகாத் வேறு, கூலியை ஜகாத்தாகக் கணக்கு வைக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஜகாத் வாங்குவதற்கு ஏழை எந்த வேலையும் செய்து காட்ட வேண்டியதில்லை. வேலை செய்கிறவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் அவருடைய கூலி அவருடைய உரிமை. நாம் இரண்டையும் குழப்பிக்கொண்டால் இரண்டு பக்கமும் அநியாயம் ஆகிவிடும். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. பேருந்தின் முதல் படி ஏறவே கைப்பிடி வேண்டும். ஒரு டிரிப்பில் இருபது முறை ஏறி இறங்க அவரால் முடியாது. வேலை இல்லை என்று சொல்லிவிட்டு, பைத்துல்மாலில் மாத உதவிக்கு அவர் பெயரைச் சேர்த்தோம். அதைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போன அன்று எங்களுக்கு நாக்கு எழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அந்த வாரம் மஷூராவில் ஹஜ்ரத் ஸூரத்துல் கஸஸில் வருகிற மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாற்றை நினைவுபடுத்தினார்கள். மத்யன் கிணற்றடியில் இரண்டு பெண்களின் ஆடுகளுக்கு அவர்கள் தண்ணீர் காட்டிய பிறகு, அப்பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம் அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறார். வலிமையும் நம்பகத்தன்மையும் உள்ளவர் என்பதுதான் அவர் சொன்ன காரணம். அந்த நேரத்தில் மூஸா நபியோ ஊரை விட்டு வந்து, கையில் ஒன்றுமில்லாமல் மரநிழலில் உட்கார்ந்திருந்தவர்கள். பாவம், ஏழை, வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண் சொல்லவில்லை. இத்தனை வருடம் ஓதியும் இந்த இடம் எங்களுக்கு இப்படிப் படவில்லை.

பிறகு தேர்வு முறையை மாற்றினோம். நேர்காணலை ஓரமாக வைத்துவிட்டு, நான்கு பேரை ஆளுக்கு ஒரு நாள் மாலை டிரிப்பில் ஏற்றி அனுப்பினோம். எங்களில் ஒருவர் பின்னால் உட்கார்ந்து பேசாமல் பார்த்துக்கொண்டு வந்தார். சிபாரிசு பலமாக இருந்த ஒரு தம்பி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார், செல்போனை எடுத்தார், கடைசி ஸ்டாப் வரை எழுந்திருக்கவில்லை. நல்ல பிள்ளைதான், வேறு வேலைக்குப் பொருந்துவார். அவரைச் சொல்லி அனுப்பிய சகோதரர் எங்கள் மீது வருத்தத்தில் இருக்கிறார். இந்த மாத நன்கொடையும் வரவில்லை. அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும். முடிவை நாங்கள் மாற்றவில்லை.

நியமிக்கப்பட்டிருக்கும் சகோதரி ஒரு ஜவுளிக்கடையில் பத்து வருடம் வேலை பார்த்தவர். அவர் வந்த அன்று பட்டியலில் முப்பத்து நான்கு பேர். எண்ணிப் பார்த்து முப்பத்து மூன்று என்றார். டிரைவர் ஹாரன் அடிக்கிறார், பிள்ளைகள் கத்துகிறார்கள், இவர் கதவைச் சாத்தவே இல்லை. முப்பத்து நான்காவது பிள்ளை தண்ணீர்க் குழாயடியில் ஷூ கழுவிக்கொண்டிருந்தது! அன்று இரவு டிரைவரே போன் செய்து, "இந்த ராத்தாவையே போட்டுடுங்க" என்றார்.

அவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு முடித்தோம். இணையம் வழியாகவே விண்ணப்பிக்க முடிகிறது. "நம்ம ஊர்ப் பிள்ளைக்கு எதற்கு?" என்று கேட்டவர்கள் உண்டு. நம்ம ஊர் என்பதற்காக ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால், நாளைக்கு யாரையும் நாம் கேட்க முடியாது. டிரைவருக்கும் சேர்த்தே செய்தோம், அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

இனி சம்பளம். முன்பு இருந்த அம்மாவுக்கு மாதம் ஆறாயிரம் கொடுத்தோம். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், நான்கு மணி நேர வேலைதானே என்று கணக்குப் போட்டோம். ஆனால் காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டு வந்தவர் நடுவில் வேறு எந்த வேலைக்குப் போக முடியும்? அந்த நான்கு மணி நேரத்துக்காக அவருடைய நாள் முழுவதும் போயிற்று. அவர் ஏன் நின்றார் என்று நாங்கள் கேட்கக்கூட இல்லை. இப்போது நடுப்பகல் நேரத்தில் மழலையர் வகுப்பிலும் அலுவலகத்திலும் வேலை கொடுத்து, முழு நாள் ஊழியராக மாதம் பன்னிரண்டாயிரம் என்று முடிவு செய்திருக்கிறோம். மாதம் பிறந்ததும் கையில் கிடைக்கும்.

இதற்காக வண்டிக் கட்டணம் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 80 ரூபாய் கூடுகிறது. இரண்டு டிரிப்பிலும் சேர்த்து 71 பிள்ளைகள் வருகிறார்கள். அதில் ஒன்பது பேர் யத்தீம் பிள்ளைகள், அவர்களுக்கான 720 ரூபாயைப் பொது ஸதகா நிதியிலிருந்து கட்டுகிறோம். மற்றவர்களில் முடியாதவர்கள் இருந்தால் அலுவலகத்தில் தனியாகச் சொல்லுங்கள். யார் சொன்னார்கள் என்று வெளியே போகாது.

அவருடைய வேலை என்ன என்பதையும் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் முதலில் அவர் இறங்குவார், பிறகுதான் பிள்ளைகள். சாலையைக் கடக்கிற பிள்ளையை வண்டிக்கு முன்னால், டிரைவர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், கையைப் பிடித்துக் கூட்டிப்போவார். வண்டிக்குப் பின்னால் எந்தப் பிள்ளையும் கடக்கக் கூடாது. ரிவர்ஸ் எடுக்கும்போது அவர் கீழே நின்று குரல் கொடுக்காமல் டிரைவர் கியரைத் தொடக் கூடாது. டிரிப் முடிந்ததும் கடைசி இருக்கை வரை நடந்து போய், இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டு, பின் கண்ணாடியில் தொங்குகிற அட்டையைத் திருப்பி வைக்க வேண்டும். அந்த அட்டையைத் திருப்ப வேண்டுமானால் பின்னால் வரை போயே ஆக வேண்டும், அதற்காகத்தான் அங்கே மாட்டியிருக்கிறோம். முதலுதவிப் பயிற்சிக்கும் அவரையும் டிரைவரையும் அனுப்புகிறோம், இன்ஷா அல்லாஹ்.

பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்பதில் அவருக்கு எந்த விருப்புரிமையும் கிடையாது. அட்டையில் யார் படம் இருக்கிறதோ அவரிடம் மட்டும்தான். மாமா வந்தாலும் பெரியத்தா வந்தாலும், அட்டையில் இல்லையென்றால் பிள்ளை வண்டியிலேயே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும். சில வீடுகளில் தாயும் தகப்பனும் பிரிந்திருக்கிறார்கள். நமக்குத் தெரியாததில்லை. அந்தப் பஞ்சாயத்தை பஸ் படிக்கட்டில் வைத்து அந்தச் சகோதரியிடம் நடத்தாதீர்கள். அலுவலகத்துக்கு வாருங்கள், நாங்கள் பேசுகிறோம்.

இன்னும் ஒன்று. "அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க, பிள்ளைக்குத் தலை சீவுறேன்" என்று அவருக்குப் போன் செய்யாதீர்கள். உங்களுக்காக நிற்கிற ஐந்து நிமிடத்தை டிரைவர் பிறகு வேகத்தில் பிடிக்கப் பார்ப்பார். கடைக்குப் போய்வா, சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துவா என்றும் சொல்லாதீர்கள். அவரை ஆயா என்று கூப்பிடுவதை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் ராத்தா என்றே கூப்பிடப் பழகியிருக்கிறார்கள்.

கடைசியாக, உங்களுக்குப் பிடிக்காத முடிவு ஒன்று. அவர் விடுப்பு எடுக்கிற நாளில் மதரஸா ஆலிமாக்கள் இருவரில் ஒருவர் பேருந்தில் வருவார். அவர்களாலும் முடியாத நாளில் பேருந்து ஓடாது. காலை ஆறரைக்குள் உங்கள் செல்போனுக்குத் தகவல் வரும், பிள்ளைகளை நீங்கள்தான் கொண்டுவந்து விட வேண்டும். வருடத்தில் இரண்டு மூன்று நாள் இப்படி ஆகலாம். அன்றைக்கு எங்களுக்குப் போன் செய்து சத்தம் போடுங்கள், கேட்டுக்கொள்கிறோம். வண்டியை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள்.

ஒப்படைப்பு அட்டைக்கான படிவம் வாசலில் இருக்கிறது. பிள்ளையை அழைத்துப்போக வருகிறவர்களின் படம், வீட்டுக்கு அதிகபட்சம் மூன்று பேர், வியாழக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். படம் எடுக்க விரும்பாத தாய்மார்கள் தங்களுக்குப் பதிலாக வீட்டில் வேறு யாரைப் போடலாம் என்பதை நம் ஆலிமாக்களிடம் பேசிக்கொள்ளலாம். அவர்கள் திரைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். திங்கட்கிழமை முதல் அட்டை இல்லாமல் பிள்ளை இறக்கிவிடப்படாது. வஸ்ஸலாம்.