தலையெழுத்தும் தோல் தொப்பியும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் நாம் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டு உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். கடவுள், மதம், ஜாதி என்று பேசவேண்டிய மேடையில் தொப்பியைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று நினைக்கலாம். நினைப்பதில் தப்பில்லை. ஆனால் தலையெழுத்து என்ற ஒரு புரட்டு எந்த இடத்தில் எழுதப்பட்டிருப்பதாகச் சொல்லுகிறார்களோ, அந்த இடத்தைப் பற்றிய சங்கதிதான் இது. ஆகையால் கொஞ்சம் பொறுமையாய்க் கேட்கவேண்டும்.

நம் கையில் இருக்கும் இந்தச் சாமானைப் பாருங்கள். அயல்நாடு போய்வந்த தோழர் ஒருவர் அங்கே பழைய சாமான் சந்தையில் வாங்கி வந்தது. ஐரோப்பாவில் சைக்கிள் பந்தயக்காரர்கள் 20வது நூற்றாண்டின் ஆரம்பத்திலிருந்து சுமார் 70 வருஷ காலம் தலையில் மாட்டிக்கொண்டிருந்த தோல் தொப்பி இது. தொப்பி என்று பேரே தவிர முழுத்தொப்பியல்ல. விரற்கடை அகலத்துக்கு உள்ளே அடைப்பு வைத்துத் தைத்த தோல் பட்டைகள், நெற்றியைச் சுற்றி ஒன்று, நெற்றியிலிருந்து பிடரிக்குச் சில, தாடைக்கு ஒரு வார், அவ்வளவுதான். நடுவிலே தலைமயிர் தெரியும். அதனாலேயே வெள்ளைக்காரர்கள் இதற்குக் கூந்தல் வலை என்று பேர் வைத்தார்கள்.

தோலைத் தலையில் வைப்பதா என்று அந்த மூலையில் ஒரு பெரியவர் முகம் சுளிப்பது தெரிகிறது. ஐயா, தோல் தீட்டு, தோலைப் பதம் செய்கிறவன் தீண்டாதவன், அவன் ஊருக்கு வெளியே இருக்கவேண்டியவன் என்று சொல்லுகிற அதே வைதிகர், மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் கட்டிய மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவாமி சன்னதியில் வாசிக்கவில்லையா? தோலுக்குத் தீட்டில்லை, தோலைத் தைத்தவனுக்கு மாத்திரம் தீட்டு என்றால், அது தோலின் குற்றமா, சாஸ்திரத்தின் குற்றமா? அது போகட்டும். நம் விஷயத்துக்கு வருவோம்.

இந்தத் தோல் தொப்பிக்கு முன்னாலும் ஒன்று இருந்தது. 1880க்கு மேல் உயரச் சக்கர சைக்கிள் ஓட்டிய காலத்தில், முன் சக்கரம் ஏறக்குறைய ஆள் உயரம் இருக்கும். அதன் உச்சியில் உட்கார்ந்து போகிறவன், வழியில் ஒரு கல் தட்டினால் நேரே தலைகுப்புற விழுவான். ஆகவே சிலர் நெட்டித் தொப்பி போட்டார்கள். நம் ஊரில் கலெக்டர் துரைமார்கள் போட்டுக்கொண்டு வந்தார்களே, அந்த ஜாதித் தொப்பிதான். விழுந்தால் நெட்டி நசுங்கி நொறுங்கிப் போகும். ஒரு தடவைக்குமேல் உதவாது. ஆனால் நொறுங்கியதுதான் அதன் பெருமை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

தோல் நொறுங்காது, வருஷக்கணக்கில் உழைக்கும், காற்றும் வரும். ஆகையால் பந்தயக்காரர்களுக்கு அதன் மேல் பிரியம் உண்டாகிவிட்டது. அது செய்த நன்மை என்ன? ரோட்டில் தேய்த்துக்கொண்டு போகும்போது தோலும் காதும் கிழியாமல் காத்தது. அது உண்மை. ஆனால் மண்டையில் படும் அடியைத் தடுக்க அதனால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதற்கு ஒரு பானையை எடுத்துக்கொள்ளுங்கள். பானையைச் சுற்றி நாலு வார் கட்டிக் கருங்கல்லில் போடுங்கள், உடையும். அதே பானையை வைக்கோல் போரில் போடுங்கள், உடையாது. வைக்கோல் அமுங்கி அமுங்கிப் பானையை மெதுவாக நிறுத்துகிறது. கல் ஒரே நொடியில் நிறுத்துகிறது. மண்டைக்குள் மூளை இருக்கிறது. மண்டை சட்டென்று நின்றாலும் மூளை போன வேகத்தில் போய் எலும்பில் மோதுகிறது. ஆகவே வேண்டியது கெட்டியான சாமான் மாத்திரமல்ல, அமுங்கிச் சாகிற சாமான்.

இதை எந்த ரிஷியும் ஞானதிருஷ்டியில் கண்டு சொல்லவில்லை. எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். 1914ல் இங்கிலாந்தின் பக்கத்தில் மான் தீவில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில், ஒரு டாக்டருடைய முயற்சியின் பேரில், கான்வாஸ் துணியில் அரக்கு ஏற்றிக் கெட்டியாக்கிய தொப்பி கட்டாயமாக்கப்பட்டது. பந்தயக்காரனுக்கு வேண்டியது சாதாரண ஜனங்களுக்கு வேண்டாமா என்று பிறகு இருபது வருஷம் யாரும் கேட்கவில்லை.

1935ம் வருஷம் மே மாதத்தில், அரபு நாட்டு யுத்தத்தில் பேர் பெற்ற லாரன்ஸ் என்பவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்துபோனார். தலையில் ஒன்றும் அணிந்திருக்கவில்லை. அவரைப் பார்க்க வந்த மூளை வைத்தியர்களில் ஹியூ கேர்ன்ஸ் என்பவர் ஒருவர். நம் ஊராயிருந்தால் இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பார்கள்? ஆயுசு அவ்வளவுதான், பிரமன் எழுதியதை யார் அழிக்க முடியும் என்று சொல்லிப் பதினாறாம் நாள் காரியத்துக்குப் புரோகிதரைக் கூப்பிட்டிருப்பார்கள். கேர்ன்ஸ் அப்படிச் சொல்லவில்லை. ஏன் செத்தான் என்று கேட்டார். கேட்டு, கணக்கெடுக்கத் தொடங்கினார். 1941ல் அவர் வெளியிட்ட கட்டுரையில், யுத்தத்தின் முதல் 21 மாதங்களில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தவர்கள் 2279 பேர் என்றும், அவர்களில் பெரும்பாலோர் தலையடியினால் போனவர்கள் என்றும் காட்டினார். தலைக்கவசம் போட்டு விழுந்தவர்களில் அவர் பார்த்தது ஏழே பேர். அந்த ஏழு பேரும் பிழைத்தார்கள். ஏழு என்பது சிறு கணக்குத்தான், அதை வைத்துக்கொண்டு குதிக்கக்கூடாது. ஆனாலும் அந்த வருஷம் நவம்பரில் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள்காரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பிறகு மரணம் குறைந்து வந்ததை 1946ல் மறுபடியும் கணக்கோடு காட்டினார். பிரமன் எழுதிய எழுத்து, இராணுவ உத்தரவு ஒன்றினால் இத்தனை பேருக்கு எப்படி மாறிற்று என்பதற்கு எந்தப் பண்டிதராவது பதில் சொல்லட்டும்.

அதற்கப்புறம் விஷயம் வேகமாய் நடந்தது. 1953ல் அமெரிக்காவில், உள்ளே அமுங்கும் பொருள் வைத்த கவசத்துக்கு உரிமை பெற்றார்கள். 1957ல், பந்தயத்தில் இறந்த ஸ்னெல் என்பவர் பேரால் கவசங்களைச் சோதனை செய்யவென்றே ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது. 1975ல் பெல் கம்பெனி சைக்கிளுக்கென்றே கெட்டி ஓடும், உள்ளே தெர்மாகோலும் வைத்த கவசத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டி.வி. பெட்டியைச் சுற்றி வெள்ளையாய் வைத்து அனுப்புகிறார்களே, அந்த இனப் பொருள்தான். விழுந்தால் நசுங்கும். நெட்டித் தொப்பியை நினைத்துக்கொள்ளுங்கள்! தெரியாமல் செய்ததைத் தெரிந்து செய்ய ஏறக்குறைய நூறு வருஷம் ஆயிற்று. 1986ல் அமெரிக்கச் சைக்கிள் பந்தயங்களில் இந்தத் தோல் தொப்பி செல்லாது, கெட்டிக் கவசம்தான் வேண்டும் என்று விதி வந்தது.

ஐரோப்பாவில் என்ன நடந்தது? மூடப்பழக்கம் நமக்கு மாத்திரம் சொந்தமென்று நினைத்துவிடாதீர்கள். 1991ல் பந்தயச் சங்கம் கவசம் போடவேண்டும் என்று சொன்னபோது, பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் ஓட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெயில், வியர்வை, எங்கள் தலை எங்கள் இஷ்டம் என்றார்கள். சங்கம் பின்வாங்கியது. 1995 ஜூலை 18ல், மூன்று வருஷத்துக்கு முன் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய கசார்டெல்லி என்ற 24 வயது இத்தாலி வாலிபன், பிரான்சு மலையிறக்கத்தில் வெறுந்தலையோடு விழுந்து, ரோட்டோரச் சிமெண்டுக் கட்டையில் மோதி இறந்தான். அப்போதும் விதி வரவில்லை. 2003 மார்ச்சில், முன்பு வேலைநிறுத்தம் நடந்த அதே பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் கிவிலெவ் என்பவர் கவசமில்லாமல் விழுந்து மறுநாள் இறந்தார். அந்த மே மாதத்தில்தான் கட்டாயம் வந்தது. அதிலும் முதலில், கடைசி மலையேற்றத்தில் கழற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை வேறு!

நம் நாட்டில் 1988ம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 129வது பிரிவு, இரண்டு சக்கர மோட்டார் வண்டிக்குக் கவசம் வேண்டுமென்கிறது. தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு விலக்கு. இங்கிலாந்திலும் 1976ல் அவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். மதம் கேட்டால் சட்டம் வழிவிடும், தார் ரோடு வழிவிடாது. அவர்களைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாவிட்டால் யோக்கியமாகாது. புது வண்டி வாங்கினவுடன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டு, நாலு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்குகிறோம். தலைக்காக நசுங்கவேண்டிய சாமானைப் பெட்ரோல் டாங்கின் மேல் மாட்டிக்கொண்டு, போலீசைக் கண்டால் தலைக்கு மாற்றுகிறோம். போலீசுக்காகத் தலையா, தலைக்காகப் போலீசா?

ஹாலந்து தேசத்தில் பெரும்பாலோர் கவசமில்லாமல் சைக்கிள் ஓட்டுகிறார்களே, அவர்களெல்லாம் செத்துவிட்டார்களா என்று ஒரு தோழர் முன்பு கேட்டார். நல்ல கேள்வி. அங்கே சைக்கிளுக்குத் தனி வழி போட்டிருக்கிறார்கள். லாரியும் சைக்கிளும் ஒரே ரோட்டில் இடித்துக்கொள்வதில்லை. ஆகவே தலையில் ஒன்றை மாட்டிவிட்டு, ரோடு போடவேண்டிய சர்க்கார் தன் கடமை தீர்ந்ததென்று சொல்ல நாம் விடக்கூடாது. இரண்டையும் கேட்கவேண்டும்.

பழைய கவசம் மலிவாய்க் கிடைக்கிறது, வாங்கலாமா என்று ஒரு சீட்டு வந்திருக்கிறது. வாங்கவேண்டாம். ஒரு தடவை பலமாய் விழுந்திருந்தால் உள்ளே நசுங்கியிருக்கும், மேலே ஒன்றும் தெரியாது. வாரை அவிழ்த்துவிட்டுப் போடுவதும் போடாததும் ஒன்றே, விழும்போது அது தனியாய்ப் போய்விடும். இந்தத் தோல் தொப்பியைப் பார்க்க விரும்புகிறவர்கள் மேடைக்கு வந்து கையில் வாங்கிப் பார்க்கலாம். பார்த்தபின் வாசகசாலை அலமாரியில் வைத்துவிடுகிறோம்.