வி.டி.யில் மாண்டவர்களும் நம் கண்ணீரும்

(மும்பைத் தாக்குதல் பற்றிய ஆவணப்படத்தைத் திரையிட்ட பின் நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



படம் முடிந்து விளக்கு போட்டாகிவிட்டது. இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை. தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். பின்வரிசையில் இளைஞர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்த மனத்தோடு நேரே வீட்டுக்குப் போவது நல்லதல்ல என்று நாங்கள் கருதுகிறோம். டீ வரும்வரை கொஞ்சம் பேசுவோம்.

2008 நவம்பர் 26ஆம் நாள் இரவு தொடங்கி 29ஆம் நாள் காலை வரை பத்துப் பேர் இந்த நகரத்தில் நடத்திய கொலைவெறியில் 166 பேர் உயிரிழந்தார்கள். அதைத்தான் டான் ரீட் என்ற இயக்குநர் 2009இல் 'டெரர் இன் மும்பை' என்று படமாக்கினார். கொலைகாரர்களும், பாகிஸ்தானில் உட்கார்ந்து அவர்களை ஏவியவர்களும் தொலைபேசியில் பேசிய பேச்சுத்தான் இந்தப் படத்தின் முதுகெலும்பு. ஆங்கிலம் தெரியாத நம் தாய்மார்களுக்கும் அந்தக் குரல்கள் பாதிக்கு மேல் புரிந்தன. மார்க்கெட்டில் காது பழகிய பேச்சுத்தானே!

நாங்கள் ஒன்றைக் கவனித்தோம். தாஜ் ஓட்டல் தீப்பிடித்து எரிந்தபோது இந்தக் கூடத்தில் விம்மல் கேட்டது. வி.டி. நிலையக் காட்சியில் அவ்வளவு கேட்கவில்லை. நம் மக்களுக்கு மனம் கல்லா? இல்லை. தாஜ் முன்னால் உலகத்துக் கேமராக்களெல்லாம் மூன்று நாள் காத்துக் கிடந்தன. வி.டி.க்குக் கிடைத்தவை கண்காணிப்புக் கேமராவின் ஊமைக் காட்சிகள். அவற்றோடு பத்திரிகைக்காரர்கள் எடுத்த சில படங்கள். கேமரா நின்ற இடத்தில் நம் கண்ணீரும் நின்றுவிட்டது.

ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? தாஜில் மாண்டவர்களைவிட வி.டி.யில் மாண்டவர்கள் அதிகம். ஐம்பதுக்கும் மேற்பட்டோர். யார் அவர்கள்? நெடுந்தூர வண்டிக்காக மூட்டை முடிச்சுகளோடு தரையில் துண்டை விரித்துக் காத்திருந்தவர்கள். பீகாருக்கும் உத்தரப்பிரதேசத்துக்கும் போக வேண்டிய கூலிக்காரர்கள் அவர்களில் உண்டு. நாகர்கோவில் வண்டிக்காக நாம் எத்தனை முறை அதே தரையில் பிள்ளைகளைப் படுக்க வைத்திருக்கிறோம்! அன்று அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே அறையைவிட்டு ஓடாமல், மக்களை வெளியேறச் சொல்லி அறிவித்துக்கொண்டே இருந்தார். அந்தக் குரலால் பிழைத்தவர்கள் பலர்.

அந்த மூன்று நாளும் நாமும் தொலைக்காட்சி முன்னால்தான் இருந்தோம். நாம் பார்த்த அதே காட்சியை ஏவியவர்களும் பார்த்தார்கள். வெளியே என்ன நடக்கிறது என்று பார்த்துப் பார்த்து, உள்ளே இருந்தவர்களுக்குக் கட்டளை கொடுத்தார்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் கசாப் வழக்கின் தீர்ப்பில் இந்த நேரடி ஒளிபரப்பைக் கடுமையாகக் கண்டித்தது. நம் பதற்றத்தை வைத்துச் சிலர் வியாபாரம் நடத்தினார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

இடையில், ஓட்டலுக்குள் புகுந்த ஒருவன் பெரிய திரை வைத்த கம்ப்யூட்டர்களைப் பார்த்து வியந்து பேசுகிறான். மறுமுனையில் இருப்பவனோ, தீ வைத்தாயிற்றா என்பதிலேயே குறியாக இருக்கிறான். அப்போது முன்வரிசை அம்மா ஒருவர், "பாவி, இவனையும் ஒருத்தி பெத்துத்தானே இருப்பா" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா, நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அவன் செய்ததை மன்னித்தா சொன்னீர்கள்? உயிரோடு பிடிபட்ட கசாப்பை 2012 நவம்பர் 21ஆம் நாள் எரவாடா சிறையில் தூக்கிலிட்டார்கள். ஏவிய குரல்கள் தூரத்தில் பத்திரமாக இருந்தன. ஏழைவீட்டுப் பையனைச் சாகவும் கொல்லவும் அனுப்பிவிட்டு, "உயிரோடு பிடிபடாதே" என்று தொலைபேசியில் உபதேசம் செய்தவர்கள் மீது உங்கள் ஆத்திரம் திரும்பினால், அது சரியான இடத்துக்குத்தான் திரும்புகிறது.

சரியில்லாத இடத்துக்கும் அது திரும்பியது. அதைச் சொல்லாமல் விட முடியாது. பின்னாலிருந்து ஒரு தம்பி ஒரு மதத்தின் பெயரைச் சொல்லிக் கத்தினார். இரண்டு வரிசை முன்னால் நம் கடையநல்லூர்க் குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்கள் எழுந்து போகவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்கள். தம்பி, வி.டி. தரையில் விழுந்தவர்களில் முஸ்லிம்களும் உண்டு. செத்துப்போன ஒன்பது கொலைகாரர்களையும் தங்கள் கபர்ஸ்தானில் புதைக்கவிட மாட்டோம் என்று சொன்னவர்கள் இந்த ஊர் முஸ்லிம்கள். இந்த வழக்கில் சேர்க்கப்பட்ட இந்திய முஸ்லிம்கள் இருவரை ஆதாரம் போதவில்லை என்று 2010இல் விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. அதை 2012இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 1960களில் இதே நகரத்தில் 'மதராசி' என்று கூவி நம்மவர்களை விரட்டியபோது, எவனோ செய்ததற்கு எல்லோரும் பொறுப்பு என்ற அதே கணக்கைத்தானே நம் தலையில் கட்டினார்கள்? உங்கள் அப்பாவைக் கேளுங்கள், சொல்வார்.

அழுதவர்களுக்கு இன்னொரு செய்தி. ரயில் நிலைய எல்லைக்குள் இப்படிப்பட்ட தாக்குதலில் பயணி இறந்தாலோ காயப்பட்டாலோ, 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவின்படி இழப்பீடு கேட்க உரிமை உண்டு. அது அரசாங்கம் இரக்கப்பட்டுப் போடும் பிச்சையல்ல. வண்டிக்குள் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. பிளாட்பாரமும் காத்திருப்புக் கூடமும் இதில் அடங்கும். உயிரிழப்புக்கு 4 இலட்சமாக இருந்த தொகை 2017 முதல் 8 இலட்சம். ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். அங்கே முதலில் கேட்பது டிக்கெட். நம் ஆட்கள் வண்டி ஏறியதும் டிக்கெட்டை எங்கோ சொருகிவிட்டுத் தேடுகிறவர்கள். எண்ணையாவது வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். வழியனுப்ப வருகிறவர்கள் பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால் சட்டத்தின் கண்ணில் அவரும் பயணிதான்.